மீனுக்கும் முதலைக்கும் நடுவுல

அண்ணாச்சி, கொஞ்சம் சன்னல் பக்கமா ஒதுங்கிக்கிடுங்க, இந்த முனை ஒங்க விலாவுல இடிக்கும். பொட்டி இல்ல அண்ணாச்சி, ட்ராயர். நல்லாப் பாருங்க, நீளமா, ஒடுக்கமா, முன்னால ஒரு பித்தளைப் பிடி. உள்ள பூரா கார்டு. எங்க பள்ளிக்கூடத்து லைப்ரரி கேட்லாக். எண்ணூத்தி நாப்பது புஸ்தகம், எண்ணூத்தி நாப்பது கார்டு. மேல கம்பியில வையிங்கன்னு கண்டக்டர் சொன்னாரு, நான் மாட்டேன்னுட்டேன். மூலைக்கரைப்பட்டி ரோட்டுல ரெண்டு குலுக்கு குலுக்குனா போதும், அகர வரிசை மொத்தமும் கலைஞ்சு போயிரும். மடியில வச்சிருந்தாத்தான் எனக்கு நிம்மதி.

பாளையங்கோட்டைக்குத்தான் போறேன். நீங்களும் அங்கனதானா? நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போயிரலாம். மாவட்டத்துல சிறந்த பள்ளி நூலகம்னு ஒரு போட்டி வச்சிருக்காவ. நூத்துச் சொச்சம் பள்ளிக்கூடத்துல மூணு மட்டும் கடைசிச் சுத்துக்கு வந்திருக்கு. அந்த மூணுல ஒண்ணு நாங்க. பத்தரை மணிக்கு ஃபைனல். லைப்ரரிக்கு ஃபைனலான்னு நினைக்கிய இல்லையா? நானும் முதல்ல சிரிக்கத்தான் செஞ்சேன். இன்னைக்குக் காலையில ரெண்டு இட்லி வச்சாவ, ஒண்ணு கூட இறங்கல.

அந்தா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு. ரெட்டைச் சடை, நீல ரிப்பன். அதுதான் அன்சலின். ஒம்பதாம் வகுப்பு பி பிரிவு. பக்கத்துல இருக்கது அவ அம்மா, பிலோமினா. நடுவருங்க ஒரு விஷயத்தச் சொல்லுவாவ, பிள்ளை ரெண்டு நிமிஷத்துல அதுக்கு உண்டான கார்டைத் தேடி எடுக்கணும். அதான் போட்டியே. தேடுறதுல அவளை மிஞ்ச ஆளு இல்ல. கொஞ்ச மாசத்துக்கு முன்னால அவ ஒண்ணைத் தேடி எடுத்தா பாருங்க, அதச் சொன்னா நீங்க இறங்குற இடத்தையே மறந்துருவிய.

நான் யாருன்னு சொல்லலியே. வைகுண்டமணி. புன்னைத்துறை கவர்மெண்டு ஹைஸ்கூல்ல பி.டி. மாஸ்டர். ஆமா, விளையாட்டு வாத்தியார்தான். லைப்ரரிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கிய. எனக்கே தெரியாது. இருபத்தேழு வருஷ சர்வீசு அண்ணாச்சி. கபடி, கோ-கோ, வாலிபால், எல்லாத்துக்கும் டீமு கூட்டிட்டுப் போயிருக்கேன். எல்லாத்துலயும் ரெண்டாவது. ஒரு தடவ கூட மூணாவது வந்தது கிடையாது, அதையும் சொல்லணும்லா. ஹெட்மிஸ்ட்ரஸ் ரூம்ல கண்ணாடி அலமாரி ஒண்ணு இருக்கு. கீழ் தட்டு பூரா சின்னச் சின்னக் கப்பு. மேல் தட்டைப் பெரிய கப்புக்குன்னு காலியா விட்டு வச்சிருக்கேன். வருஷா வருஷம் நான்தான் அதத் தொடைக்கேன்.

போன ஜூன்ல எங்க பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் வந்துச்சு. நல்ல விஷயம், நான் இல்லைங்கல. பிள்ளைங்க மரத்தடியில உக்காந்து படிச்சதுவ. ஆனா அதை எங்கன கட்டினானுவ? என் கிரவுண்டுல. கோல் போஸ்டு நின்ன இடத்துல இப்பம் ஒரு கரும்பலகை நிக்கி. நான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமுக்குப் போனேன். புஷ்பலீலா மேடம்னு பேரு, தங்கமான மனுசி, ஆனா எதையும் வீணாக்க மாட்டாவ. என்னை ஏற இறங்கப் பாத்துட்டுச் சொன்னாவ: "சார், ஒங்களுக்குக் கிரவுண்டு இல்ல. லைப்ரரிக்கு ஆளு இல்ல." அம்புட்டுதான். சாவியக் கையில வச்சிட்டாவ.

மூணு பீரோ. ஒரு பீரோவுக்குச் சாவியே இல்ல, கடப்பாறையால நெம்பித் தெறந்தேன். உள்ள புஸ்தகம் குவிஞ்சு கிடக்கு. ஒரு பதிவேடு இருக்கு. எனக்குத் தெரிஞ்சது என்ன, அட்டெண்டன்ஸ். பதிவேட்டை விரிச்சு வச்சுக்கிட்டு ஒவ்வொரு பேரா சத்தமா வாசிச்சேன். நூத்தி இருபத்தாறு பேரு ஆப்சென்ட். அது போக, பதிவுலயே இல்லாம முப்பது நாப்பது பேரு உள்ள வந்து உக்காந்திருக்கான். காலாவதியான ஆளுங்களும் உண்டு. ஒரு கம்ப்யூட்டர் புஸ்தகம், அதுல முதல் பாடமே கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள செருப்பு போடக் கூடாதுன்னு இருக்கு. ஒரு பூகோளப் புஸ்தகத்துல நம்ம மாவட்டம் அந்தக் கடல் வரைக்கும் இந்த மலை வரைக்கும்னு விரிஞ்சு கிடக்கு, இப்பம் மூணாப் பிரிஞ்சாச்சு. அவங்களையெல்லாம் வெளிய எடுத்து, பேரை அடிச்சு, மிச்சம் இருக்க ஆளுங்களை வச்சுப் புதுசா டீமு கட்டினேன்.

நிக்க வச்சேன் அண்ணாச்சி. எப்படி? ட்ரில்லுக்கு நிக்க வைக்க மாதிரி. குட்டை முன்னால, நெட்டை பின்னால, உயர வாரியா. மூணு பீரோவும் ஒரே சீரா, ஒரு புஸ்தகம் தலையத் தூக்காம, பாக்கவே கண்ணு நிறைஞ்சிரும். மேடம் வந்து பாத்துட்டு போட்டோ எடுத்தாவ. ஒரு சின்னக் குறை, யாரு என்ன கேட்டாலும் எடுக்க முடியல. ஒரு கதைப் புஸ்தகத்துக்கு ஒண்ணாம் பாகம் நெட்டை, ரெண்டாம் பாகம் குட்டை. ஒண்ணு மூணாவது பீரோவுல, இன்னொண்ணு முதல் பீரோவுல. அப்படி அச்சடிச்சவன் தப்புக்கு நானா பொறுப்பு? நான் இருந்தா எடுத்துக் குடுத்துருவேன், எல்லாம் மனசுல இருக்கு. எங்க மச்சினன் கல்யாணத்துக்கு ரெண்டு நாள் லீவு போட்டேன், ரெண்டு நாளும் லைப்ரரிக்கும் லீவு. மேடம் கூப்பிட்டு, "சார், ஒரு கேட்லாக் போடுங்க" ன்னாவ.

அப்படித்தான் இந்த ட்ராயர் வந்துச்சு. எட்டு வாரம் எழுதினேன். எண்ணூத்தி நாப்பது புஸ்தகத்தையும் படிச்சுப் பாத்தா எழுத முடியும்? நான் ஒரு சட்டம் வச்சேன். அட்டையில என்ன படம் பெருசா இருக்கோ, அதுதான் தலைப்பு. யானை படம் இருந்தா யானை. மாட்டு வண்டி இருந்தா மாட்டு வண்டி. உயிரினங்கள், தொழில், பொருள்கள்னு பகுதி பிரிச்சதும் அந்தப் படத்த வச்சுத்தான். பெரிய எழுத்தாளரு, சின்ன எழுத்தாளரு, நம்ம ஆளு, வேத்தாளு, ஒரு பாகுபாடு கிடையாது. இதைவிட நியாயமா ஒரு கேட்லாக் யாரும் போட முடியாது. படமே இல்லாத புஸ்தகமெல்லாம் 'இதர'. இதரயில ஒரு இருநூத்திப் பதினொண்ணு இருக்கு. விளையாட்டுல மட்டும் நாப்பத்தோரு புஸ்தகம், அதுக்கு இருபத்து மூணு தலைப்பு குடுத்திருக்கேன். கபடிக்கே நாலு. விசிலுக்குத் தனியா ஒண்ணு. அது தேவைப்படும்லா.

பொறவுதான் போட்டிச் சுற்றறிக்கை வந்துச்சு. நூறு மார்க்கு. அதுல சுத்தத்துக்கு இருபது. கார்டுல அடித்தல் திருத்தல் இருந்தா, ஒரு திருத்தத்துக்கு ரெண்டு மார்க்கு குறைப்பாவளாம். நான் கெக்கலி கொட்டாத குறைதான். என் கார்டு அத்தனையும் கறுப்பு மை, ஒரு அடித்தல் கிடையாது. மேல் தட்டைப் போயித் தொடச்சு வச்சிட்டு வந்தேன்.

அந்த வாரத்துலதான் அன்சலின் வந்தா. 'எங்கள் ஊர்த் தொழில்' னு அவளுக்கு ஒரு கட்டுரை. மீனவரைப் பத்திப் புஸ்தகம் வேணும். 'தொழில்' பகுதியில போயித் தேடியிருக்கா. ஆசிரியர், உழவர், ஓட்டுநர், குயவர், தச்சர், தையற்காரர், நெசவாளர், மருத்துவர், எல்லாரும் இருக்காவ. மீனவரக் காணும். ரெண்டு நாள் சாப்பாட்டு வேளை பூரா நின்னு தேடியிருக்கா. மூணாவது நாள் ட்ராயரைத் தூக்கிட்டு என் முன்னால வந்து நிக்கா.

"சார், எங்கப்பா எங்கன நிக்காவன்னு தெரியுமா?"

"கடல்ல நிப்பாரு" ன்னேன்.

"இல்ல சார். உயிரினங்கள்ல நிக்காவ. மீனுக்குப் பொறவு, முதலைக்கு முன்னால."

பாத்தா, உள்ளதுதான். மான், மீன், மீனவர், முதலை, முயல். எனக்குச் சிரிப்பு தாங்கல அண்ணாச்சி. வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சேன். அவ சிரிக்கல. அட்டையை எடுத்துக் காட்டினேன். "பாருட்டி, மீனு எவ்வளவு பெருசா இருக்கு, பிடிச்சிருக்க ஆளு எவ்வளவு சின்னதா இருக்கான். மீனவர்னு பேரு போட்டாலும் பகுதி உயிரினங்கள்தான், நான் என்ன செய்ய? சட்டம்னா சட்டம்."

"தொழில்ல மாத்துங்க சார்."

"மாத்தலாம். கார்டுல உயிரினங்கள்னு மையில எழுதியாச்சு. அடிச்சா ரெண்டு மார்க்கு போயிரும். போட்டி முடியட்டும், பொறவு பாப்போம்."

நான் ஒண்ணும் ஈவிரக்கம் இல்லாத ஆளு இல்ல. அவ மூஞ்சி விழுந்து போனதப் பாத்து அன்னைக்கே ஒரு வழி பண்ணினேன். தொழில் பகுதியில புதுசா ஒரு கார்டு சொருகினேன். 'மீனவர் - காண்க: உயிரினங்கள்.' இப்பம் ரெண்டு இடத்துலயும் இருக்காவ. வேற எந்தத் தொழிலுக்கு அப்படி ரெண்டு கார்டு இருக்கு? அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். படிச்சா. ஒண்ணும் சொல்லாம போயிட்டா. ரொம்ப சந்தோசத்துல பேச்சு வரலன்னு நினைச்சேன்.

போன மாசம் நடுவரு முதல் சுத்துக்கு வந்தாவ. சங்கரவடிவு மேடம்னு, நூலகத் துறையில பெரிய ஆபீசர். கஞ்சி போட்ட சேலை, மூக்கு நுனியில கண்ணாடி, சிரிக்கவே தெரியாதோன்னு தோணும். நான் வெள்ளை டிரஸ், வெள்ளை ஷூ, கழுத்துல விசில், அட்டென்ஷன்ல நிக்கேன். பக்கத்துல எங்க ஹெட்மிஸ்ட்ரஸ். ஆபீசர் மேடம் ட்ராயரை இழுத்து, "பாம்பு பத்தி ஏதாவது இருக்கா, பாக்கேன்" னாவ. பாம்பை எடுத்தாவ. சரியா இருந்துச்சு. அடுத்த கார்டைத் தள்ளினாவ. நின்னுட்டாவ. கண்ணாடியை மேல தூக்கி விட்டாவ. பொறவு சத்தமா வாசிச்சாவ:

"தலைப்பு: பி.டி. மாஸ்டர். இனம்: பாலூட்டி. உயரம்: ஐந்தடி நான்கு அங்குலம். வாழிடம்: மைதானம். மைதானம் அழிந்துவிட்டதால் தற்போது நூலகத்தில் காணப்படுகிறது. உணவு: டீ, உளுந்தவடை. ஒலி: விசில். குறிப்பு: தீங்கு செய்யாது."

பாம்புக்கும் புலிக்கும் நடுவுல அண்ணாச்சி. அகர வரிசை தப்பாம, அதே கறுப்பு மையில, என் எழுத்து மாதிரியே. எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் சிரிச்ச சிரிப்புல கண்ணாடி கழண்டு கீழ விழுந்துச்சு. ஆபீசர் மேடம் சேலைத் தலைப்பால கண்ணத் தொடச்சுக்கிட்டு நோட்டுல என்னமோ எழுதினாவ. முடிஞ்சுது, கப்பு போச்சுன்னு நினைச்சேன். போகையில என்ன சொன்னாவ தெரியுமா? "நான் எழுபது பள்ளிக்கூடம் பாத்துட்டேன் சார். எல்லா ட்ராயர்லயும் தூசிதான் இருந்துச்சு. ஒங்க ட்ராயரைத்தான் பிள்ளைங்க தெறந்து பாத்திருக்காங்க." அப்படித்தான் கடைசிச் சுத்துக்கு வந்தோம். எட்டு வாரம் நான் பட்ட பாடு வீண் போகல.

ஆனா கோவம் கோவம்தான. நேரா ஒம்பது பி-க்குப் போனேன். விசில் ஊதினேன். "யாரு எழுதினது?"

அன்சலின் எந்திரிச்சா. "நாந்தான் சார்."

"வந்து அதை எடு."

"மையில எழுதிட்டேன் சார். இப்பம் எடுத்தா மார்க்கு போயிரும்லா" ன்னா. நிதானமா, மரியாதையா சொல்லுதா. "வேணும்னா தொழில்ல ஒரு கார்டு போட்டுத் தாரேன். பி.டி. மாஸ்டர், காண்க: உயிரினங்கள்னு."

மொத்த வகுப்பும் பெஞ்சத் தட்டிச் சிரிக்கி. எனக்குக் காது ரெண்டும் சூடாயிருச்சு. அம்மாவக் கூட்டிட்டு வந்தாத்தான் வகுப்புக்குள்ள விடுவேன்னுட்டேன்.

மறுநாள் பிலோமினா வந்தா. கடற்கரையில மீன் ஏலம் முடிஞ்ச கையோட, கூடைய கேட்டுல இறக்கி வச்சிட்டு நேரா லைப்ரரிக்கு வந்துட்டா. நான் அந்தக் கார்டை எடுத்து, ஒரு வாத்தியாரு எவ்வளவு வருத்தமா வாசிக்க முடியுமோ அவ்வளவு வருத்தமா வாசிச்சேன். அவ வாயப் பொத்திக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கா. "தீங்கு செய்யாதுன்னு எழுதிருக்கால்லா சார். நல்லதாத்தான எழுதிருக்கா" ங்கா. எனக்கே லேசா சிரிப்பு வந்துட்டு. சரி, பிள்ளை ஏன் இப்படிச் செஞ்சான்னு கேட்டா. நான் பெருமையா ட்ராயரை இழுத்து, "இந்தா, இதுக்குத்தான்" னு காட்டினேன்.

எழுத்துக் கூட்டிப் படிச்சா. மான். மீன். மீனவர். முதலை. விரல் அங்கனயே நின்னுட்டு. சிரிப்பும் நின்னுட்டு.

"சார், இதுல பேரு எழுதினா, அவுங்க இங்கனதான் இருக்காவன்னு அர்த்தமா?"

"ஆமா. தேடுறவங்களுக்கு எங்கன இருக்குன்னு தெரியணும்லா, அதுக்குத்தான் கேட்லாக்."

கார்டுல இருந்து விரலை எடுக்காமலே சொன்னா. "எங்கண்ணன் புயல்ல போனவன் சார். ஆறு வருஷம் ஆச்சு. உடம்பு கூட கரைக்கு வரல. அவன் எங்கனன்னு அன்சலின் சின்னப்பிள்ளையில கேப்பா. மீனோட இருக்கான்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன். மாமன்னா அவளுக்கு உசிரு. இப்பம் அவ அப்பா கடலுக்குப் போயி ரெண்டு நாளாச்சு. உசிரோட இருக்க ஆளை மீனோட எழுதாதிய சார்."

அண்ணாச்சி, நான் மூலைக்கரைப்பட்டிக்காரன். எனக்குக் கடல்னா லீவு நாள்ல போயி காலு நனைக்கிற இடம். இருபத்தேழு வருஷமா அந்தக் கடலுக்கு முன்னால விசில் ஊதுறேன், ஒரு நாள் இது என் மண்டையில ஏறல. அந்தப் பிள்ளை ரெண்டு நாள் சாப்பிடாம நின்னு அவ அப்பாவத் தேடியிருக்கா. தேடிக் கிடைச்ச இடம் அது. அதைக் கொண்டு வந்து என்கிட்ட காட்டுதா, நான் வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சிருக்கேன். வெக்கமாப் போச்சு. அழுகையா வந்துச்சு, சொல்லுததுக்கு என்ன. பி.டி. மாஸ்டர் அழக் கூடாதுன்னு அந்தப் பக்கம் திரும்பி பீரோவத் தொடச்சேன்.

அப்பவே சிவப்புப் பேனாவை எடுத்தேன். உயிரினங்கள்ங்கறத ஒரே அடி. மேல 'தொழில்' னு எழுதினேன். அவசரத்துல எழுத்து கோணலாப் போச்சு. திருத்தம்னா பக்கத்துல யாராவது சரின்னு கையெழுத்துப் போடணும், பதிவேடு எழுதுற முறை அது. எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் அன்னைக்கு மீட்டிங் போயிட்டாவ. "அவிய வந்து போட்ட பொறவு மாத்தி வச்சிருதேன்" னேன்.

"அதுக்கு எதுக்கு அவிய? நான் போடுதேன்" னா பிலோமினா. கையைச் சேலையில ரெண்டு தடவ தொடச்சுக்கிட்டு, பேனாவ வாங்கி, 'திருத்தம் சரி' ன்னு என்கிட்ட கேட்டு எழுதி, கீழ 'பி. பிலோமினா' ன்னு போட்டா. ஒவ்வொரு எழுத்தா, நிறுத்தி. ஒரு மீன் செதில் கூட கார்டுல ஒட்டிக்கிச்சு. நானே கொண்டு போயி மருத்துவருக்குப் பொறவு வச்சேன். அந்தக் 'காண்க' கார்டைக் கிழிச்சுப் போட்டேன்.

மறுநாள் வெள்ளன அவ வீட்டுக்காரரு போன படகு கரைக்கு வந்துட்டு. அதுக்கும் கார்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, எனக்குத் தெரியாதா? ஆனாலும் சேதி வர்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கல. வந்துட்டுன்னதும் வராண்டாவுல நின்னு விசில் ஊதினேன் பாருங்க, நாலு வகுப்பு பி.டி. பீரியடுன்னு நினைச்சு வெளிய ஓடி வந்துட்டு.

அதுக்குப் பொறவு பிலோமினா வாரம் ஒரு நாள் லைப்ரரிக்கு வருவா. ஒரு நாள் கேக்கா, "சார், எங்கிட்ட மீனு வாங்க வாறவ எல்லாரும் பேரு தெரிஞ்சா வாறா? குழம்புக்கா, பொரிக்கவா, பிள்ளை பெத்தவளுக்கான்னு கேட்டுத்தான நாங்க எடுத்துக் குடுக்கோம். ஒங்ககிட்ட வாற பிள்ளைக்கு மட்டும் எப்படிப் பேரு தெரியும்?" எனக்குப் பளிச்சுன்னு ஒண்ணு தோணுச்சு. 'பேய்க்கதை வேணும்', 'ஒரே நாள்ல முடிக்கணும்', 'பேச்சுப் போட்டிக்கு', 'வீட்டுல சண்டை, மனசு சரியில்ல', இப்படித் தனியா கார்டு போட்டேன். முன்னால வாரத்துக்கு மூணு பேரு புஸ்தகம் எடுப்பான், இப்பம் வரிசையில நிக்கி. வரிசையை ஒழுங்கு பண்ண விசில் வேண்டியிருக்கு. இது முழுக்க என் யோசனை அண்ணாச்சி, நடுவருகிட்டயும் அதச் சொல்லத்தான் போறேன்.

என்னது? அடிச்ச கார்டை எடுத்துப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு எழுதி வச்சா என்னன்னா கேக்கிய? எழுதலாம். அன்சலினே சொன்னா. "சார், நான் அழகா எழுதித் தாரேன், மார்க்கு போகாது" ன்னா. மத்த ரெண்டு பள்ளிக்கூடமும் கம்ப்யூட்டர்ல வச்சிருக்கான், பட்டனத் தட்டினா வந்து விழுது, அடித்தலாவது திருத்தலாவது. ரெண்டு மார்க்குங்கது எனக்குக் கப்பு அண்ணாச்சி. தெரியும். கார்டைக் கையில எடுத்தேன். அந்தக் கையெழுத்தப் பாத்தேன். எப்படிக் கிழிக்க? திரும்ப வச்சிட்டேன்.

என் கார்டா? பாம்புக்குப் பொறவு அங்கனயேதான் இருக்கு. அவ எடுக்கட்டுமான்னு கேட்டா, இருக்கட்டும்னுட்டேன். நான் என்ன கடலுக்கா போறேன். அதோட, ஆபீசர் மேடத்துக்கு அது பிடிச்சிருந்துச்சு, இன்னைக்கும் அவியதான் நடுவரு.

பாத்தியளா, ஏறினதுல இருந்து நானே பேசிக்கிட்டு வாரேன், ஒங்களப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. நீங்க என்ன வேலை பாக்கிய? மாநகராட்சியா? ஆபீஸ்லயா? ஓ, தூய்மைப் பணியா. காலையில வேலை முடிச்சிட்டா, இல்ல இனிதானா? நல்லது, நல்லது. ஒங்க வேலைக்கும் புஸ்தகம் இருக்கு அண்ணாச்சி. நல்ல புஸ்தகம்னு மேடம் சொல்லியிருக்காவ. இந்த ட்ராயர்ல இல்லாத தொழில் கிடையாது. இருங்க, இந்தா எடுத்துத் தாரேன், ரெண்டு நிமிஷம் கூட ஆகாது.

தொழில். ஆசிரியர், உழவர், ஓட்டுநர், குயவர், தச்சர், தையற்காரர், நெசவாளர். தாண்டிட்டனா? தச்சர், தையற்காரர். நடுவுல ஒண்ணும் இல்லையே. புஸ்தகம் இருக்கே, என் கையால எழுதினேனே. அட்டை கூட ஞாபகம் இருக்கு, ரெண்டு பொம்பளைங்க ஒரு வண்டியத் தள்ளிக்கிட்டு வருவாவ.

அண்ணாச்சி, அந்தா வெளிய பாருங்க, குளத்துல தண்ணி கிடக்கு. இல்ல, சும்மா சொன்னேன். 'பொருள்கள்' ல ஒரு தடவ பாத்துக்கிடுதேன். குடம். குடை.

நீங்க பாத்துட்டிய.

'குப்பை' ன்னுதான் எழுதியிருக்கேன். வண்டிதான் பெருசா இருந்துச்சு அண்ணாச்சி. வண்டியில இருந்ததும் பெருசா இருந்துச்சு. தள்ளிட்டு வந்த ஆளுங்களை நான் பாக்கல.

பாளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? கால் மணி நேரமா. போதும். ஏட்டி அன்சலின், அன்சலின், இங்கன வா. அந்தச் சிவப்புப் பேனாவக் கொண்டா. எதுக்குன்னா கேக்க, வேலை இருக்கு, கொண்டா. மார்க்கெல்லாம் கிடக்கட்டும்ட்டி, மேல் தட்டு எங்கயும் ஓடிறாது. அண்ணாச்சி, இந்த ட்ராயரை ஒரு கை பிடிங்க. ஒங்க முழுப் பேரு என்ன? நான் அடிச்சு எழுதுதேன், இந்த ஓரத்துல நீங்க ஒரு கையெழுத்துப் போடணும். பஸ்ஸு குலுங்கும், மெதுவாப் போடுங்க.